மாத்து

யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் கேட்பது, "எப்படித் தூங்குறீங்க?" என்றுதான். டாக்டர் கேட்டால் புரிந்துகொள்ளலாம். கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாகச் சிறையின் நேர்காணல் அறையில் உட்கார்ந்துகொண்டு, ரிமாண்டில் இருக்கும் ஒருவரிடம் இதைக் கேட்கும் வக்கீலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிரே இருப்பவர், "நல்லாத்தான் தூங்குறேன் மேடம்" என்பார். எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு, "எந்தப் பக்கம்?" என்பாள். 

அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து யாரும் தப்பித்ததில்லை. வலது பக்கம் என்று ஆரம்பிப்பார்கள். ஏன் வலது பக்கம் என்று சொல்லப்போய், இடது பக்கத்தில் கழிப்பறை இருப்பதையும், அதன் ஈரம் பாய் வரைக்கும் வருவதையும், அங்கிருந்து வீட்டையும், வீட்டில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் சொல்லி முடிப்பார்கள். நான் கேட்டால் கைதான தேதியும் சட்டப் பிரிவும் கிடைக்கும். அவள் கேட்டால் ஆளே கிடைப்பார். எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவளோடு வேலை பார்த்த காலம் முழுக்க எரிந்தது, இப்போதும் அணைந்துவிடவில்லை.

நாங்கள் இருவரும் மந்தைவெளியில் ஒரே சீனியரிடம் ஜூனியர்களாக இருந்தோம். சீனியர் வீட்டின் முன்பக்க அறைதான் அலுவலகம். அதை ஒட்டி ஒரு கார் ஷெட். காரை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் அதில் பழைய வழக்குக் கட்டுகளும் ஒரு மாவு அரைக்கும் இயந்திரமும் மட்டும் இருந்தன. அசோக் நகரிலிருந்து ஸ்கூட்டரில், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களைச் சுற்றிக்கொண்டு நான் சரியான நேரத்துக்கு வந்து நிற்பேன். சாந்தோமில், கூப்பிடு தூரத்தில் இருந்தவள் தினமும் தாமதமாக வருவாள். சீனியர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் வாயில் ஹேர் கிளிப்பைக் கவ்வியபடி, "சாரி சார், தூங்கிட்டேன்" என்பாள். அவர் சிரித்துவிடுவார். நான் அதே காரணத்தைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உண்மையிலேயே தூங்கியிருப்பாள் என்பதுதான் இதில் இன்னும் எரிச்சல். உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றுவாள். செருப்பைக் கழற்றினால் தூக்கம் வந்துவிடும். கோர்ட்டில் எங்கள் வழக்கு எடுக்கப்படும் வரை பின் வரிசையில் தூங்குவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். எனக்கோ தலையணை மாறினாலே போதும், விடிய விடிய விழித்துக் கிடப்பேன். ஒருநாள் அவளிடமே கேட்டேன், எப்படி முடிகிறது என்று.

"எங்க வீட்ல பிள்ளைங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய ஜமக்காளம்டி. நான் நடு. ரெண்டு பக்கமும் உதை வாங்கிட்டே தூங்குவேன். அங்க தூங்கிட்டா எங்கயும் தூங்கலாம்" என்றாள். அவள் அம்மா பள்ளிக்கூட டீச்சர். காலையில் சர்ச் பூசைக்குப் போகுமுன் வரிசையாகக் காலால் தட்டி எழுப்புவாராம். நான் ஒரே பெண்ணாக, தனி அறையில் வளர்ந்தவள். அந்த ஜமக்காளத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தி. நகரில் கட்டில் வாங்கப் போனோம். அவளை அழைத்துப்போனது என் தவறு. கடையில் இருந்த அத்தனை மெத்தையிலும் அவள் படுத்துப் பார்த்தாள். மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற. சுற்றி நின்ற கூட்டம் பார்த்தது. நான் விலைச்சீட்டைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். நான் திரும்பி வருவதற்குள் விற்பனையாளரிடம் பேச்சு எங்கேயோ போயிருந்தது. கடைக்காரர்கள் கொடுத்த தங்குமிடத்தில் நெரிசல் தாங்காமல் அவர் குடோனில் படுக்கிறாராம். சுற்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள் அடுக்கியிருக்க, அவர் தரையில் அட்டை விரித்துப் படுப்பாராம்.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

"செவுத்தப் பாத்துதான்க்கா. மெத்தையப் பாத்துப் படுத்தா ஒரு மாதிரி இருக்கும்."

எனக்குக் கட்டில் விற்க வந்தவர் அவளை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை மேடம் என்றார். கடைசியில் நான் அங்கேயே பெரிய கட்டிலாக ஒன்று வாங்கினேன். வெளியே வந்ததும், "நீ எந்தப் பக்கம் படுக்கப் போற?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வா என்றேன். அந்தக் கட்டில் இப்போதும் என் அடையாறு பிளாட்டில் இருக்கிறது. கணவர்தான் இல்லை. எங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம்.

இப்படி அவளைப் பற்றி ஆரம்பித்தால் எங்கே போய் நின்றாலும் ஏகாம்பரத்தின் வழக்குக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஏகாம்பரம் மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஒரு தெருச் சண்டையில் அவரையும் சேர்த்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஜாமீன் இழுத்துக்கொண்டே போனது. முன்பு ஒரு விபத்தில் அவருடைய இடது இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். நாளுக்கு நாள் நடையே தளர்ந்துபோகிறது என்று அவர் மனைவி மல்லிகா வந்து அழுதாள். "ஜாமீன் வரும்போது வரட்டும் மேடம். அதுக்குள்ள அந்தாளு நடக்கவே முடியாம போய்டுவாரு போலக்கீது" என்றாள். அதனால் ஜாமீன் மனுவோடு நிற்காமல், அந்தச் சிறையில் ஆட்களை அடைத்து வைத்திருக்கும் விதத்தையே எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுவது என்று சீனியர் முடிவெடுத்தார். எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம். மனுவை எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுத்து என்றால் நான்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளே, "சட்டம் உன் வீட்டுப் பிள்ளைடி, நீயே சோறு போடு" என்று ஒதுங்கிக்கொள்வாள்.

முதல் நேர்காணலுக்கு நான் தனியாகப் போனேன். ஏகாம்பரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை என்று வரிசையாகக் கேட்டேன். வரிசையாகச் சொன்னார். கடைசியில் வேறு என்ன கஷ்டம் என்றேன்.

"ராவுலதான் மேடம். மாத்து மாத்துன்னு கொரலு உடுவாங்க. மாத்திக்கினே இருப்பாங்க. என் இடுப்பு தாங்கல" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. சிறை வழக்குகளில் மாற்றுவது என்றால் ஒன்றுதான். பிளாக் மாற்றுவது, செல் மாற்றுவது, ஊர் விட்டு ஊர் மாற்றுவது. இடுப்பில் பிளேட் வைத்த ஒரு விசாரணைக் கைதியை ராத்திரியில் எழுப்பி, காரணம் சொல்லாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மனிதரைத் தூங்கவிடாமல் செய்யும் சித்திரவதை என்று அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். அதற்கு ஆதரவாக எத்தனையோ தீர்ப்புகளைத் தேடிச் சேர்த்தேன். என் வாழ்நாளிலேயே நன்றாக எழுதிய பத்தி அதுதான். சீனியர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "நன்னாருக்கு" என்றார். அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடியே படித்தாள். 

"மாத்துறாங்கன்னா எப்படி மாத்துறாங்க?" என்றாள்.

"எப்படின்னா? எழுப்பி வேற செல்லுக்கு."

"அவரு அப்படிச் சொன்னாரா?"

"மாத்துறாங்கன்னு சொன்னாரு. அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

"தெரியல. எந்தப் பக்கம்னு கேட்டியா?"

மறுநாள் காலையில் அவள் சிறைக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. சீனியரின் முன்னால் நின்று சொன்னாள். யாரையும் எங்கேயும் மாற்றவில்லை. அந்த அறையில் மல்லாந்து படுக்க இடமில்லை. எல்லாரும் ஒருக்களித்து, ஒருவர் முதுகில் இன்னொருவர் முட்டியபடி படுத்தாக வேண்டும். யாராவது ஒருவருக்குக் கை மரத்துப்போய்த் திரும்ப வேண்டுமென்றால், அவர் மட்டும் திரும்ப முடியாது. அவர், "மாத்து" என்று குரல் கொடுப்பார். வரிசை மொத்தமும் ஒரே சமயத்தில் மறுபக்கம் திரும்பும். ஒன்றுவிட்டு ஒரு மாத்துக்கு ஏகாம்பரம் தன் பிளேட் இருக்கும் பக்கத்தின் மேல் விழுந்து கிடப்பார், அடுத்த மாத்து வரும்வரை.

"கத்தவே மாட்டாராம் சார். கத்துனா மத்தவங்க தூக்கம் கெட்டுடும்னு" என்றாள்.

சீனியர் என் பத்தியை எடுத்தார். அதை அப்படியே தாக்கல் செய்திருந்தால் அரசுத் தரப்பு ராத்திரியில் யாரையும் இடம் மாற்றவில்லை என்று நிரூபித்துவிட்டு, மனு முழுக்கப் பொய் என்று சொல்லியிருக்கும். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பத்தியின் மேல் ஒரு கோடு போட்டார். சத்தம் எதுவும் போடவில்லை. "பாஷை தெரிஞ்சா போறாது, இல்லியா" என்று மட்டும் சொன்னார். அது எனக்குச் சொன்னதா, பொதுவாகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. நானும் சென்னையில் பிறந்தவள்தான். எனக்கும் தமிழ்தான் தாய்மொழி. அந்தச் சொல் என் காதில்தான் முதலில் விழுந்தது. ஆனால் அவள் கையில் போய் நின்றது.

அவளுக்கு அது போதவில்லை. கேட்டதை உடம்பில் போட்டுப் பார்க்காமல் அவளால் எழுதவும் முடியாது, எழுதவிடவும் மாட்டாள். கார் ஷெட்டில் இருந்த கட்டுகளை ஓரமாகத் தள்ளினாள். ஏகாம்பரம் கையால் காட்டிய அகலத்தைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டாள். பிறகு எங்களைக் கூப்பிட்டாள். குமாஸ்தா சண்முகம் முதலில் வெட்கப்பட்டார். பக்கத்து வீட்டு வக்கீலின் ஜூனியர்கள் சிரித்துக்கொண்டே வந்து படுத்தார்கள். நான் அவளுக்குப் பின்னால். எனக்குப் பின்னால், வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய எங்கள் சீனியர்.

"சார், நீங்க வேண்டாம் சார்" என்றேன்.

"பரவாயில்லேம்மா. தள்ளிப் படு" என்றார்.

தள்ள இடமில்லை. நல்ல வெயில் நேரம். அவளுடைய பின்னல் என் மூக்கில் இருந்தது. கொஞ்ச நேரம் ஆளாளுக்குச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கீழே அழுந்திய கை மரத்துப்போனது. காதுக்குப் பக்கத்தில் சீனியரின் மூச்சு கேட்டது. அப்போது அவள், "மாத்து" என்றாள். நாங்கள் எல்லாரும் திரும்பினோம். சண்முகத்தின் முழங்கை யாரையோ இடித்தது. எனக்கு அந்த நேரத்தில் ஏகாம்பரத்தைப் பற்றித்தான் நினைப்பு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றுதான் படுத்துக்கொண்டிருந்தேன். அவளோ திரும்பியதும், மற்றவர்கள் எழுந்திருக்கும் முன், ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிட்டாள்.

புதிய மனுவில் அந்தச் சொல்லை அப்படியே வைத்தோம். ஆங்கில மனுவின் நடுவில் 'மாத்து' என்று தமிழில். விளக்கம் மட்டும் என்னுடையது. விசாரணை நாளில் அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, இரவு நேரத்தில் கைதிகளை இடம் மாற்றும் வழக்கமே அந்தச் சிறையில் கிடையாது என்று நீளமாக வாதாடினார். மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அவரும் நான் விழுந்த இடத்திலேயே விழுந்திருந்தார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

நீதிபதி எங்கள் பக்கம் பார்த்தார். சீனியர் அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார். முன்னால் நின்ற என்னை அல்ல, எனக்குப் பின்னால் நின்றவளை. அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தடுமாறி, நிறுத்தினாள். பிறகு ஒரு கையின் மேல் இன்னொரு கையை ஒருக்களித்து வைத்துக் காட்டி, இரண்டையும் சேர்த்துத் திருப்பினாள். 

"இதுதான் மாத்து, மை லார்ட்" என்றாள்.

"எல்லாருமா?" என்றார் நீதிபதி, தமிழில்.

"எல்லாரும், மை லார்ட்."

"அந்த இடுப்பு அடிபட்டவர்?"

"அவரும்தான்."

நீதிபதி தன் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அது போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாவட்ட நீதிபதி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அளவுக்கு மீறி இருப்பவர்களைப் பிரிக்க வேண்டும், அதுவரை காத்திருக்காமல் ஏகாம்பரத்துக்கு இன்றைக்கே மல்லாந்து படுக்க இடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. ஒரு மனிதர் மல்லாந்து படுப்பதற்கு ஹைகோர்ட் வரை வர வேண்டியிருந்தது. உத்தரவில் நான் தேடிக் கொடுத்த தீர்ப்புகள் எல்லாம் இருந்தன. அவற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எல்லார் வாயிலும் அந்த ஒரு சொல்தான் இருந்தது. வராந்தாவில் மல்லிகா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று அவளுடைய பையையும் சாப்பாட்டு டப்பாவையும் நான் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனது நான்தான். முகம் தெளிந்திருந்தது. "மல்லாக்கப் பட்த்தேன் மேடம். மேல கூரையெல்லாம் தெரிஞ்சுது" என்றார். கூடவே, "அந்த மேடத்தாண்ட சொல்லிடுங்க" என்றார். போய்ச் சொன்னேன். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு அவள் தெற்கே ஒரு ஊருக்குப் போய்விட்டாள். அங்கேயும் சிறைவாசிகளுக்காகத்தான் வழக்கு நடத்துகிறாள் என்று கேள்வி. அவள் போன பிறகு நேர்காணல்களில் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "எப்படித் தூங்குறீங்க?" என்றால், "நல்லாத்தான் மேடம்" என்கிறார்கள். "எந்தப் பக்கம்?" என்றால் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஜாமீன் எப்போது என்று கேட்கிறார்கள். கேள்வி என்னவோ அதே கேள்விதான்.

போன மாதம் ஒரு மத்தியானம் ஏகாம்பரமும் மல்லிகாவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். விடுதலையாகி மறுபடி ஆட்டோ ஓட்டுகிறார். உள்ளே வந்ததும் அவர் கண் என்னைத் தாண்டிப் பக்கத்து மேசைக்குப் போனது. 

"அந்த மேடம் இல்லீங்களா?"

இல்லை என்றேன். வழக்குதான் முடிந்துவிட்டதே, வேறு ஏதாவது சிக்கலா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றார். மல்லிகா அவரை முழங்கையால் இடித்தாள். தெற்கே இருந்தவளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசை நடுவே வைத்தேன். வேறென்ன செய்ய. மணி அடித்து எடுத்ததும், யார் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், அவள் கேட்டாள்.

"ஏகாம்பரம், எப்படித் தூங்குறீங்க?"

"நல்லாத்தான் மேடம்" என்றார் அவர். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"இன்னா சொல்றது மேடம். சவாரி முடிச்சுட்டு வந்து சாயந்தரம் செத்த கண்ணு அசருவேன். பொண்ணு டீவி பாத்துக்கினு இருக்கும். 'நைனா, சேனல மாத்து'ன்னுது. நான் சடக்குன்னு திரும்பிக்கினேன். தூக்கத்துலயே."

"ஒரு தபா இல்ல மேடம்" என்றாள் மல்லிகா. "தெருவுல யாராவது வண்டிய மாத்துன்னா கூட திரும்புறாரு."

"எந்தப் பக்கம்?"

"பிளேட்டு கீற பக்கந்தான் மேடம்" என்றார் ஏகாம்பரம்.

போனில் அவள் நிதானமாக, "மல்லிகா, வீட்ல இனிமே அந்த வார்த்தை வேணாம். சேனல் போடுன்னு சொல்லச் சொல்லுங்க பாப்பாவ. சட்டைய மாத்துன்னு கூடச் சொல்லாதீங்க, வேற சட்டை போடுன்னு சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு" என்றாள். மல்லிகா போனைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் எழுதியதும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த உத்தரவு அந்த அறைக்குள் போனது. அவர் உடம்புக்குள் போகவில்லை. அதற்குள் போக அவளுக்குத்தான் வழி தெரிந்தது. எனக்கு மறுபடி எரிந்தது, முன்பு எரிந்த அதே இடத்தில்.

"அவ பக்கத்துலதான இருக்கா?" என்றாள் அவள். "நீ எப்படிடி தூங்குற?"

"நல்லாத்தான் தூங்குறேன்" என்றேன்.

ஏகாம்பரம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"எந்தப் பக்கம்?"

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். "சுவர் பக்கம்" என்றேன். "இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு."